மூன்று வாரம், ஓர் இரவு, ஒரு மணி நேரம்: ஜப்பானின் வெந்நீர் ஊற்றுகளில் ஓய்வு சுருங்கிய கதை

ஜப்பானில் எந்த வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போனாலும், குளியலறைக்கு முன்னால் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். ஊற்றின் பெயர், ஊற்றுக்கண்ணில் நீரின் சூடு, அதில் கரைந்திருக்கும் உப்புகள், என்னென்ன நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி அந்தப் பலகை கட்டாயம். அதோடு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் குளிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டுதலும் தந்திருக்கிறது. முதல் சில நாட்கள் தினம் ஒன்றிரண்டு முறை மட்டும் இறங்குங்கள், உடம்பு பழகிய பிறகு இரண்டு மூன்று முறையாகக் கூட்டிக்கொள்ளலாம், உடம்பைத் தேற்றிக்கொள்ள வருகிறவர்கள் இரண்டு முதல் மூன்று வாரம் தங்குவது பொருத்தம் என்கிறது அது.

ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்துவிடுகிறார்கள். அரசாங்கம் சொல்வது இரண்டு மூன்று வாரம், மக்களால் ஒதுக்க முடிவது ஓர் இரவு. அதிலும் பலருக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான்.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது நாம் தண்ணீரை, எண்ணெயை, அறையின் அழகைத்தான் கவனிக்கிறோம். எவ்வளவு நேரம் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. ஜப்பானின் குளியல் வரலாற்றைப் பொறுமையாகப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று படுகிறது. நிலத்தடியிலிருந்து வரும் நீர் மாறவில்லை. அந்த நீருக்காக மனிதர்கள் ஒதுக்கிய காலம்தான் மாறியது. சென்னை, கோவை ஸ்பாக்களில் இன்று நாம் காசு கொடுத்து வாங்குவதும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என்பதால், இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை.

அறுவடை முடிந்த பிறகு

ஜப்பான் எரிமலைகள் நிறைந்த நாடு. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, அடியிலிருக்கும் சூட்டில் காய்ந்து, பாறைகளின் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ஊற்றுக்கண்ணில் நீர் 25 டிகிரி செல்சியஸ் சூடாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 19 வகைக் கரைபொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவுக்கு இருக்க வேண்டும். அப்போதுதான் அது ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று. 1948இல் வந்த சட்டம் சொல்லும் வரையறை இது. நாடு முழுக்க 27,000க்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள் இருக்கின்றன. பெப்பு என்ற ஒரே நகரத்தில் மட்டும் 2,000க்கும் மேல்.

இந்த ஊற்றுகளில் உடம்பைத் தேற்றிக்கொள்வதற்கு தோஜி என்று பெயர். ஆள்பவர்களும் அதற்காக வந்திருக்கிறார்கள். நாட்டையே தன் கைக்குள் கொண்டுவந்த டோக்குகாவா இயேயாசு, 1604இல் கடலோர ஊரான அதாமியில் ஏழு நாள் தங்கிக் குளித்தார். ஆனால் தோஜியை வாழ்க்கைமுறையாக்கியவர்கள் விவசாயிகள். நடவு முடிந்த பிறகு ஒருமுறை, அறுவடை முடிந்து பனிக்காலம் தொடங்கும்போது ஒருமுறை என்று வடகிழக்கு ஜப்பானின் குடியானவர்கள் பக்கத்து மலை ஊற்றுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏழு நாள் ஒரு சுற்று. மூன்று சுற்று தங்கினால்தான் முழுப் பலன் என்பது அவர்கள் கணக்கு.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு இல்லை. அரிசி, மிசோ என்ற சோயா விழுது, ஊறுகாய், சில சமயம் படுக்கையைக்கூட வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போவார்கள். விடுதியில் வாடகைக்கு எடுப்பது அறையை மட்டும்தான். சமையல் பொதுச் சமையலறையில். இவாத்தே மாநிலத்தின் ஒசாவா ஊற்றில் இப்படித் தாங்களே சமைத்துக்கொண்டு தங்குகிறவர்களுக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறது. பத்து யென் காசு போட்டால் சில நிமிடம் எரிந்து அணைகிற எரிவாயு அடுப்புக்குப் பேர்போன சமையலறை அது. யமகத்தா மலைகளுக்குள் இருக்கும் ஹிஜியோரியில், பனி இல்லாத மாதங்களில் விடியற்காலையிலேயே தெருவில் சந்தை கூடிவிடும். சுற்றுவட்டாரக் கிழவிகள் காளானும் காட்டுக் கீரையும் ஊறுகாயும் பரப்பி வைத்திருப்பார்கள். தோஜிக்கு வந்தவர்கள் குளித்துவிட்டு, போட்ட உடுப்போடு நடந்து வந்து அன்றைக்கு வேண்டியதை வாங்கிப் போவார்கள். ஆவோமோரி மாநிலத்தின் சுகாயுவில் முழுக்க மரத்தாலான பெரிய குளியல் கூடம் ஒன்று உண்டு. ஆயிரம் பேர் குளிக்கும் கூடம் என்றே அதற்குப் பெயர். 1954இல் மக்களின் உடல்நலத்துக்கான ஊற்றுகள் என்று அரசு முதன்முதலாக அறிவித்தவற்றில் அதுவும் ஒன்று.

தோஜி நாளின் போக்கு எளிமையானது. காலையில் ஒரு முறை இறங்குவார்கள். சாப்பாடு. அப்புறம் படுக்கை. மதியம் மறுபடி நீர். சாயங்காலம் பக்கத்து அறைக்காரர்களோடு பேச்சு. மூன்றாவது நாளுக்கு மேல் பலருக்கு உடம்பு தளர்ந்துபோகும், பசி மந்தமாகும், எழுந்திருக்கவே மனம் வராது. நீர் சேராததால் வரும் களைப்பு என்று அதை எல்லோரும் எதிர்பார்த்தே இருப்பார்கள். ஒருநாள் இரண்டுநாள் குளியலைக் குறைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும். தெளிச்சி அதற்குப் பிறகுதான். ஓர் இரவு தங்கிப் போகிறவருக்கு இந்தக் கட்டமே வருவதில்லை. வேலையின் பரபரப்பு உடம்பை விட்டு இறங்கவே சில நாள் பிடிக்கும் என்பதை அந்தக் குடியானவர்கள் எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் கணக்கில் எடுத்திருந்தார்கள். எனக்கு இதுதான் தோஜியின் மிகப் பெரிய அறிவாகத் தெரிகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த நாட்களை யாரும் அவர்களுக்குத் தானமாகத் தரவில்லை. வயலில் பனி விழுந்துவிட்டால் செய்ய வேலை இல்லை. ஊரே சேர்ந்து ஓய்ந்திருந்ததால், தான் மட்டும் சோம்பேறியாக இருக்கிறோமோ என்ற உறுத்தல் யாருக்கும் இல்லை. வருடம் முழுக்க வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்த மருமகளும் கிழவிகளோடு சேர்ந்து போக முடிந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்பாவில் படுத்திருக்கும் ஒருவருக்கு இந்தக் காவல் இல்லை. வெளியே உலகம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

குசாட்சுவின் மூன்று நிமிடம்

நீண்ட ஓய்வுக்குள்ளும் கறாரான ஒழுங்கு இருந்தது. அதைப் பார்க்க குன்மா மாநிலத்தின் குசாட்சுவுக்குப் போக வேண்டும். ஊர் நடுவில் கந்தக வாடையோடு ஆவி பறக்க ஒரு நீர்க்களம். ஊற்றுநீர் நீளமான மரத்தொட்டிகளின் வழியாக ஓடி ஆறிக் கீழே விழும். தொட்டியில் படியும் கந்தகத்தைச் சுரண்டி எடுத்து விற்பதும் உண்டு. எலுமிச்சைச் சாற்றுக்குச் சமமான அமிலத்தன்மை கொண்ட நீர் அது. அப்படியே விட்டால் ஆற்றில் எந்த உயிரும் வாழாது, பாலத்தின் இரும்பும் காங்கிரீட்டும் அரித்துப்போகும் என்பதால் 1964 முதல் ஊருக்குக் கீழே ஆற்றில் சுண்ணாம்பைக் கலந்து அமிலத்தை முறிக்கிறார்கள்.

நீர் 50 டிகிரிக்கு மேல் சுடுகிறது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடு தணியும், ஆனால் நீரின் குணம் நீர்த்துப்போகும். அதனால் ஆறடி நீளப் பலகைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டியைச் சுற்றி வரிசையாக நின்று, எல்லோரும் ஒரே தாளத்தில் நீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றுவார்கள். பலகை இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும், நீர் சளசளவென்று மடங்கி விழும். தாளம் தப்பாமல் இருக்கப் பாட்டு. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நிகழ்ச்சியாகிவிட்ட இது, முன்பு குளிக்க வந்த நோயாளிகளே செய்த வேலை. பலகை பிடித்துப் புரட்டுவதிலேயே உடம்பு சூடேறிச் சூட்டுக்குத் தயாராகிவிடும். அப்புறம் குனிந்து தலையில் பல முறை வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். திடீரென்று இறங்கினால் தலைசுற்றும் என்பதற்காக. பிறகு 48 டிகிரி நீரில் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். மூன்றே நிமிடம். நிமிடம் கழியக் கழியக் குளியல் தலைவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் குரல் கொடுப்பார்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் பதில் வராது என்பதால் அந்தக் குரலே ஒரு பாதுகாப்பு. மூன்று நிமிடம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக மேலேறுவார்கள்.

மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானில் மருத்துவம் கற்பித்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ் இந்த ஊரின் நீரையும் மலைக்காற்றையும் வெகுவாகப் புகழ்ந்து வெளியுலகுக்கு அறியச் செய்தார். நான் இந்த முறையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நீருக்குள் இருந்தது சில நிமிடம்தான் என்றாலும், அதற்கு முந்தைய ஆயத்தமும் பிந்தைய படுக்கையும் சேர்ந்து நாளையே எடுத்துக்கொண்டன என்பதுதான். நம் கால ஸ்பாக்களில் மிஞ்சியிருப்பது அந்தச் சில நிமிடம் மட்டும்.

ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு

இரயில் வந்ததும் ஊற்றுகள் பக்கத்தில் வந்தன. ஆனால் தங்கும் நாள் குறைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆலைகளும் அலுவலகங்களும் பெருகியபோது, வேலையின் நாட்காட்டி வயலிலிருந்து கம்பெனிக்கு மாறியது. பனிக்கால ஓய்வு என்ற ஒன்றே இல்லாத நாட்காட்டி அது. 1964இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் புல்லட் இரயில் ஓடத் தொடங்கியபோது அதாமியிலும் ஒரு நிலையம் வந்தது. கம்பெனிகள் ஊழியர்களை மொத்தமாகப் பேருந்திலும் இரயிலிலும் ஏற்றி ஊற்று ஊர்களுக்கு அழைத்துப்போன காலம் அது. அவர்களுக்காகவே அதாமியிலும் கினுகாவாவிலும் பல மாடிக் காங்கிரீட் விடுதிகள் எழுந்தன.

ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு என்ற கணக்கு நிலைபெற்றது. மூன்று மணிக்கு வந்து சேர வேண்டும். குளியல். ஆறு ஆறரைக்கு வரிசையாகத் தட்டுகள் வைத்த விருந்து. கம்பெனிப் பயணமென்றால் மேலதிகாரிக்குக் கோப்பை நிரப்பிக் கொடுக்கும் கடமையும் உண்டு. காலையில் இன்னொரு குளியல், சாப்பாடு, பத்து மணிக்கு வெளியே. ஓய்வு ஒரு நிகழ்ச்சி நிரலாகிவிட்டது. நல்ல சாப்பாடு, நல்ல நீர், நல்ல கவனிப்பு, எல்லாம் உண்மை. ஆனால் வந்தவர்கள் அலுவலகத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்ததும் கம்பெனிப் பயணங்கள் குறைந்தன. கினுகாவாவின் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட விடுதிகள் இன்றும் கண்ணாடி உடைந்து நிற்கின்றன.

இந்த ஓர் இரவு முறைக்கு வேறொரு விலையும் உண்டு. அது விருந்தாளியின் கண்ணில் படாத விலை. விடுதிப் பணிப்பெண்கள் விடியற்காலையில் வந்து காலைச் சாப்பாடு பரிமாற வேண்டும். நடுப்பகலில் சில மணி நேரம் விட்டு, மறுபடி வந்து இரவு வெகுநேரம் வரை வேலை. ஒருவருடைய நிதானத்துக்காக இன்னொருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். கனகாவா மாநிலத்தின் ட்சுருமாகி ஊற்றில் ஜின்யா என்ற பழைய விடுதி, 2014இல் வாரத்தில் இரண்டு நாள் கதவை மூடுவதென்று முடிவெடுத்தது. வருடம் முழுக்கத் திறந்திருப்பதே இந்தத் தொழிலின் இலக்கணம் என்று எல்லோரும் நினைத்த துறையில் இது பெரிய துணிச்சல். விடுதி நொடிக்கவில்லை. ஓய்வு விற்கும் இடம் தன் ஆட்களுக்கும் ஓய்வு கொடுக்க முடியும் என்பதற்கு நல்ல சாட்சி அது.

தெருமுனைக் குளியலகம்

ஊற்று ஊருக்குப் போக நேரமும் பணமும் இல்லாதவர்களுக்கு நகரத்துத் தெருக்களில் சென்தோ இருந்தது. பெரும்பாலும் சாதாரணத் தண்ணீரைக் காய்ச்சிய பொதுக் குளியலகம். வீடுகளில் குளியல் தொட்டி இல்லாத காலத்தில் அது ஆடம்பரமில்லை, அன்றாடத் தேவை. அதனால்தான் அதன் கட்டணத்தை இன்றும் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. போருக்குப் பிந்தைய விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் ஒவ்வொரு மாநிலமும் உச்ச வரம்பு விதிக்கிறது. டோக்கியோவில் 2024இல் அது 550 யென். ஒரு வேளை எளிய சாப்பாட்டுக்கு ஆகிற காசு.

உள்ளே போகும் முறை இப்படி. வாசலில் செருப்பைக் கழற்றி மரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மரச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உடை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஆற்றிலும் அருவியிலும் துண்டோ புடவையோ கட்டிக் குளித்துப் பழகிய நம்மவர்களுக்கு இது பெரிய தயக்கம்தான். ஆனால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, தலைவலி மருந்தின் பெயர் அச்சிட்ட மஞ்சள் பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, சோப்பு போட்டு முழுசாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்குப் போக்குவது தொட்டிக்கு வெளியேதான். தொட்டிக்குள் இறங்குவது சும்மா இருப்பதற்கு. துண்டை நீரில் நனைக்கக் கூடாது, நீந்தக் கூடாது, சத்தம் போடக் கூடாது. எதிர்ச் சுவரில் பெரிதாக ஃபூஜி மலை ஓவியம். டோக்கியோவின் கண்டா பகுதியில் 1912இல் ஒரு குளியலகத்தில் தொடங்கிய வழக்கம் அது. கண்ணுக்கும் ஒரு தூரம் வேண்டும் என்று யோசித்துச் செய்ததுபோல் இருக்கும். வெளியே வந்ததும் குளிர்ந்த பால் பாட்டில் ஒன்றைக் குடித்துவிட்டு, மின்விசிறிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

1968இல் நாடு முழுக்க ஏறக்குறைய 18,000 சென்தோக்கள் இருந்தன. இன்று 2,000கூட இல்லை. வீட்டுக்கு வீடு குளியல் தொட்டி வந்துவிட்டது, கொதிகலனுக்கு எரிபொருள் விலை ஏறிவிட்டது, நடத்துகிறவர்களுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் குளியல் அங்கே இன்னும் அடிப்படைத் தேவைகளில் ஒன்றுதான். 2011இன் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகும், 2024 ஜனவரியில் நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோதும், இராணுவம் முகாம்களுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து வெந்நீர்க் குளியல் ஏற்பாடு செய்தது. வீடிழந்தவர்களுக்குச் சாப்பாடு, படுக்கையோடு சேர்த்துக் குளியலும் கிடைக்க வேண்டும் என்று ஒரு நாடு நினைக்கிறது. நிதானத்தை ஆடம்பரக் கடையில் மட்டும் விற்கும் நம் ஊர் நிலவரத்தை நினைக்கும்போது, இந்த எண்ணத்தின் மீது எனக்கு உண்மையாகவே பொறாமை வருகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கழுத்தளவு நீரில் உட்கார்ந்தால் உடம்பு தாங்க வேண்டிய எடை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. முதுகும் மூட்டும் நாள் முழுக்கச் சுமந்த பாரம் இறங்குகிறது. நீரின் அழுத்தம் கால்களில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சூட்டில் தோலடி இரத்தக் குழாய்கள் விரிகின்றன.

தூக்கத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரவு நெருங்கும்போது உடம்பின் உள்சூடு இயல்பாகவே குறையத் தொடங்கும். தூக்கம் வருவதற்கான அடையாளங்களில் ஒன்று அது. வெந்நீரில் குளித்தால் கைகால்களுக்கு இரத்தம் அதிகம் பாய்ந்து, வெளியே வந்த பிறகு உள்சூடு வேகமாக வெளியேறுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 42.5 டிகிரி நீரில் பத்து நிமிடம் குளித்தாலே சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று கண்டார்கள். படுக்கும் நேரத்தில் குளித்தால் அந்தப் பலன் முழுசாகக் கிடைக்காது. உடம்பு ஆறுவதற்கு நேரம் வேண்டும். இங்கேயும் நேரம்தான் முக்கியம்.

ஸ்பா விளம்பரங்களில் சாதாரணமாகக் காணும் ஒரு பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். வியர்வையோடு உடம்பின் நச்சுகள் எல்லாம் வெளியேறிவிடும் என்பார்கள். வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான். கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. வெந்நீர் செய்யும் நல்லதே போதுமானது, அதற்குமேல் பொய் சேர்க்கத் தேவையில்லை.

சட்டம் போட்டு ஓய்வு

வேலையால் சாகிறார்கள் என்ற கெட்ட பெயரும் இதே நாட்டுக்குத்தான். 1969இல் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் விநியோகப் பிரிவில் இருந்த 29 வயது ஊழியர் மூளை இரத்தக் குழாய் பாதித்து இறந்தார். அதிக வேலையால் நேர்ந்த மரணம் என்று பின்னால் பேசப்பட்டவற்றில் முதலாவது அது. 2014இல் இத்தகைய மரணங்களைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2019 ஏப்ரல் முதல் மிகைநேர வேலைக்கு மாதம் 45 மணி, வருடம் 360 மணி என்று பொது வரம்பு வைத்தார்கள். அதே நாளிலிருந்து, பத்து நாளோ அதற்கு மேலோ சம்பளத்தோடு விடுப்பு உள்ள ஊழியரை வருடத்துக்கு ஐந்து நாளாவது விடுப்பு எடுக்க வைப்பது முதலாளியின் கடமையானது.

விடுப்பு இருந்தும் எடுக்காத மக்களுக்கு, எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட வேண்டியிருந்தது. சக ஊழியர் வேலை செய்யும்போது நான் மட்டும் எப்படிப் போவது என்ற கூச்சம் அங்கே அவ்வளவு ஆழம். பனி விழுந்து ஊரே ஓய்ந்திருந்த காலத்தில் இந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை. பனி செய்த வேலையை இப்போது சட்டம் செய்யப் பார்க்கிறது. சுற்றுச்சூழல் அமைச்சகமும் புதிய தோஜி என்ற பெயரில், நடை, உள்ளூர்ச் சாப்பாடு, கைத்தொழில் எல்லாம் சேர்த்து, ஊற்றுகளில் கூடுதல் நாள் தங்கச் சொல்லிப் பிரசாரம் செய்கிறது. ஐந்து நாள் விடுப்பை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தங்க முடியாது என்பது அமைச்சகத்துக்கும் தெரியும். அதனால் இரண்டு மூன்று நாளாவது, அடிக்கடி என்று இறங்கி வந்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் இளைஞர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நகரத்துப் பெரிய குளியலகங்களில் 80, 90 டிகிரி சவுனா அறையில் சில நிமிடம், உடனே குளிர்நீர்த் தொட்டி, பிறகு காற்றாட நாற்காலியில் சாய்ந்திருப்பது. இதை மூன்று தடவை செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் சாயும் நேரத்தைக் குளியலின் பாதியாக அவர்கள் மதிக்கிறார்கள். அது சரியான உள்ளுணர்வு.

நமக்குத் தெரிந்த ஏழும் இருபத்தொன்றும்

தோஜியின் ஏழு நாள் சுற்றுக் கணக்கைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்குப் பக்கத்து மாநிலம் நினைவுக்கு வரும். கேரளத்தில் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடி மழையில், எண்ணெய்ச் சிகிச்சை எடுப்பதும் 7, 14, 21 நாள் கணக்கில்தான். அங்கேயும் மழையால் வயல் வேலை ஓய்ந்த மாதம் அது. 1902இல் வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர் கோட்டக்கல்லில் தொடங்கிய ஆர்ய வைத்திய சாலை போன்ற இடங்களில் பிழிச்சில் (வெதுவெதுப்பான எண்ணெயை உடம்பில் பிழிந்து ஊற்றுவது), ஞவரக்கிழி (வேகவைத்த ஞவர அரிசிப் பொட்டணத்தால் தேய்ப்பது) என்று நாள் கணக்காக நடக்கும் முறைகள் உண்டு. அதைவிட முக்கியம், சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள் பிறகும் பத்தியமாக இருக்க வேண்டும் என்ற மரபு. வெயிலில் அலையக் கூடாது, தூரப் பயணம் கூடாது, பகல் தூக்கம் கூடாது, கனமான சாப்பாடு கூடாது. எண்ணெய் பாதி வேலை செய்கிறது, மீதியை அந்தச் சும்மா இருக்கும் நாட்கள் செய்கின்றன என்பது வைத்தியர்களின் கணக்கு.

நம் வீட்டு எண்ணெய்க் குளியலிலும் இதே அறிவு இருந்தது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். எண்ணெய் ஊறக் கொஞ்ச நேரம், சீயக்காய், வெந்நீர், மிளகு இரசம். அன்றைக்கு வெயிலில் சுற்றக் கூடாது, பகலில் படுக்கக் கூடாது என்று பாட்டிகள் விதித்த தடைகள் எல்லாம் சேர்ந்து அந்த நாளையே மெதுவாக்கிவிடும். இன்று பெரும்பாலான வீடுகளில் தீபாவளி விடியலில் உச்சந்தலையில் வைக்கும் மூன்று சொட்டு எண்ணெயாக அது நின்றுவிட்டது. எண்ணெய் கடையில் கிடைக்கிறது. கிடைக்காமல் போனது அந்த நாள்.

சென்னையில் ஸ்பாவுக்குப் போகிறவர்களின் மாலை எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் போய்ச் சேர வேண்டும், 60 நிமிடம் மசாஜ், வெளியே வந்த கையோடு கைபேசியில் காத்திருக்கும் செய்திகள், திரும்ப அதே நெரிசல். அடுத்த வாடிக்கையாளருக்கு அறை வேண்டும் என்பதால் படுக்கையிலிருந்து எழுந்ததுமே கிளம்ப வேண்டிய நிலைமைதான் பல இடங்களில். மசாஜ் செய்யும் பெண்களில் பலர் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து என்று வடகிழக்கிலிருந்து வந்து தங்கி வேலை பார்ப்பவர்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு, கட்டைவிரலிலும் மணிக்கட்டிலும் உடம்பின் பலத்தை இறக்கிச் செய்யும் வேலை அது. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் அவர்களுக்கு எத்தனை நிமிடம் இடைவெளி தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடைவெளி இருக்கும் இடத்தில்தான் உங்களுக்கும் நிதானமான கவனிப்பு கிடைக்கும்.

முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, சிகிச்சைக்குப் பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க இடம் உண்டா என்பது. 90 நிமிடச் சிகிச்சைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, 45 நிமிடம் எடுத்துக்கொண்டு மீதி நேரத்தைச் சும்மா உட்கார்ந்து கழிப்பது பெரும்பாலானவர்களுக்கு நல்லது என்பேன். காரை எடுத்துக்கொண்டு போய் நீங்களே ஓட்டித் திரும்புவதைவிட, யாராவது கூட்டிப்போனால் இன்னும் நல்லது. அன்றைக்கு இரவு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

குளியல் தொட்டியோ ஜக்கூசியோ உள்ள இடமென்றால் சில எச்சரிக்கைகள் அவசியம். ஜப்பானில் வீட்டுத் தொட்டியிலும் குளியலகத்திலும் மூழ்கி இறக்கும் முதியவர்கள் சாலை விபத்தில் இறக்கும் முதியவர்களைவிட அதிகம். குளிர்ந்த அறையில் உடை கழற்றி உடனே சூட்டில் இறங்கும்போது இரத்த அழுத்தம் ஏறி இறங்குவது அதற்கு முக்கியக் காரணம். அந்நாட்டு நுகர்வோர் துறை சொல்லும் அளவு 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பது. மது அருந்திய பிறகும், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் இறங்கக் கூடாது. முதலில் கால், கை, தோள் என்று வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொண்டு, மெதுவாக இறங்கி, மெதுவாக எழுந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது நல்லது. இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சவுனாவுக்கோ குளிர்நீர்த் தொட்டிக்கோ போக வேண்டாம்.